சர்வீஸ் சார்ஜைக் கழிக்கச் சொல்லுங்கள், டிப்ஸைக் கையில் கொடுங்கள்

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நுங்கம்பாக்கத்தில் ஓர் உணவகத்துக்கு ஏழு பேர் போயிருந்தோம். சாப்பாடு நன்றாக இருந்தது. அம்மாவுக்குக் காரம் ஆகாது என்று ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். பரிமாறிய பையன் அதை மனதில் வைத்துக்கொண்டு, "இது காரம் பாட்டி, அதைப் போட்டுக்குங்க" என்று கடைசிவரை பார்த்துப் பார்த்து வைத்தான். பில் வந்தது. சாப்பாட்டுக்கு 6,240 ரூபாய். அதற்குக் கீழே எஸ்.சி. என்று 624. அதற்கும் கீழே சி.ஜி.எஸ்.டி. 171.60, எஸ்.ஜி.எஸ்.டி. 171.60. மொத்தம் 7,207. கீழே இருந்த மூன்றுமே வரி என்று நினைத்துக் கார்டைக் கொடுத்தேன். அப்புறம் அந்தப் பையனுக்காக ஆயிரம் ரூபாயை பில் வந்த அட்டைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காரில் வரும்போது அண்ணன் மகள் பில்லை வாங்கிப் பார்த்தாள். "அத்தை, எஸ்.சி.ன்னா வரி இல்ல, சர்வீஸ் சார்ஜ். நீங்க டிப்ஸை ரெண்டு தடவை குடுத்திருக்கீங்க" என்றாள்.

எனக்குக் குழப்பம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் 2013இல் அமெரிக்காவுக்கு, டெக்சஸ் மாநிலத்தில் இருக்கும் டாலஸுக்குப் போனேன். அப்போது இங்கே ஏ.சி. ஹோட்டல் பில்லில் வாட் என்று ஒன்றும் சர்வீஸ் டாக்ஸ் என்று ஒன்றும் இருக்கும். அந்த சர்வீஸ் டாக்ஸ் அரசாங்கத்துக்குப் போகிற வரி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது அது ஒழிந்தது. இப்போது சாதாரண ஹோட்டலில், ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதைத்தான் இரண்டரை, இரண்டரை என்று பிரித்துப் போடுகிறார்கள். நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் பெரிய ஹோட்டலுக்குள் போய்ச் சாப்பிட்டால் 18 சதவீதம். வரி இவ்வளவுதான். சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் தாமாகச் சேர்ப்பது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் என்னைப் போல் வெளியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் ஏமாறுவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு மாமா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரும் இத்தனை நாள் வரி என்று நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்.

அன்று இரவே உட்கார்ந்து இதைப் பற்றி விசாரித்துப் படித்தேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே தெளிவாக வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. உணவகம் எதுவும் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளர் விருப்பம் என்று சொல்லிவிட வேண்டும். கொடுக்க மாட்டேன் என்கிறவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு அதையும் கூட்டி, மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. போடவும் கூடாது. என் பில்லில் நடந்தது அப்படியே இந்தக் கடைசி விஷயம்தான்: 6,240க்கு 5 சதவீதம் 312 ரூபாய். என்னிடம் 343 வாங்கியிருந்தார்கள்.

உணவகச் சங்கங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த மாதமே இடைக்காலத் தடை வாங்கின. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார். சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. ஆனாலும் தீர்ப்பு வந்த பிறகும் இப்படி பில் போடுகிறார்களே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. 624 ரூபாய்க்காக வந்த கோபம் இல்லை. பிறந்தநாள், கல்யாண நாள் என்று சந்தோஷமாக வருகிறவர்கள் பில்லில் ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தேதானே போடுகிறார்கள்?

இதைச் சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தி பெண்ணிடம் சொன்னபோது அவளுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அங்கே பெரும்பாலான உணவகங்களில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 9 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டிவிட்டால் முடிந்தது, யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. என் ஊரில் நேர்மாறு. டெக்சஸில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் வந்துவிடும் என்று சட்டமே கணக்குப் போடுகிறது. 1991இல் நிர்ணயித்த தொகை, இன்றுவரை மாறவில்லை. அதனால் 18, 20 சதவீதம் வைக்காமல் எழுந்து வந்தால் பரிமாறியவர் வயிற்றில் அடித்த மாதிரி இருக்கும். நாங்கள் இருவரும் அவரவர் ஊர்ப் பழக்கத்தைச் சென்னைக்கு எடுத்து வருகிறோம். அவள் பழக்கத்தில் பரிமாறினவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். என் பழக்கத்தில் அப்பாவிடம் திட்டு கிடைக்கிறது. டிபன் கடையில் நான் நூறு ரூபாய் வைத்ததைப் பார்த்துவிட்டு, "நீ ரெண்டு வாரத்துல போயிடுவே, நாங்க தினம் இங்கதான் சாப்பிடணும்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான்.

அடுத்த வாரம் அடையாறில் வேறொரு உணவகம். இந்த முறை உட்காருவதற்கு முன்பே மெனு அட்டையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பொடி எழுத்தில், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் உண்டு என்று இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் பில் 4,019 ரூபாய்க்கு வந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் குடுங்க" என்றேன். "அது ஸ்டாஃபுக்குத்தான் மேடம் போகுது" என்றார். "சரி, அதை நானே அவங்க கையில குடுத்துடறேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் வாக்குவாதம் எதுவும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் புது பில் வந்தது: சாப்பாடு 3,480, ஜி.எஸ்.டி. 174, மொத்தம் 3,654. குறைந்த 365 ரூபாயில் 350ஐ, எங்களுக்குப் பரிமாறிய பையனை அழைத்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

குரலை உயர்த்தத் தேவையே இல்லை. கார்டைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பணம் கட்டின பிறகு கேட்டால் சிஸ்டத்தில் மாற்ற முடியாது என்று இழுத்தடிப்பார்கள். எடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிட வேண்டி வரவில்லை.

அந்தப் பையன் ஒடிசாக்காரன். சென்னைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறதாம், நன்றாகத் தமிழ் பேசினான். வெளியே வண்டிக்காகக் காத்திருந்தபோது, சர்வீஸ் சார்ஜில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். "மாசக் கடைசில ஏதோ குடுப்பாங்கக்கா. எவ்வளவு வந்துச்சு, எப்படிப் பிரிச்சாங்கன்னு நாங்க கேட்டதில்ல. தட்டு, கிளாஸ் உடைஞ்சா அதுலதான் பிடிப்பாங்க" என்றான். எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கிற முதலாளிகளும் இருப்பார்கள். ஆனால் அந்த 10 சதவீதம் யாருக்குப் போகிறது என்பது நமக்கும் தெரிவதில்லை, வாங்க வேண்டியவனுக்கும் தெரிவதில்லை. அதனால்தான் கையில் கொடுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதைவிட என்னைப் பாதித்தது மயிலாப்பூரில் நாங்கள் தினமும் காலையில் போகும் டிபன் கடை. அங்கே சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கிடையாது. என் சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் சர்வர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அப்பாவைப் பார்த்ததுமே சர்க்கரை இல்லாத காபிக்குச் சொல்லிவிடுவார். நான்கு பேர் சாப்பிட்டு பில் 387 ரூபாய். அண்ணன் போனை எடுத்து ஸ்கேன் செய்தான், டிங் என்று சத்தம், எழுந்துவிட்டோம். முன்பெல்லாம் நானூறாகக் கொடுப்போம், தட்டில் சோம்போடு மீதி பதின்மூன்று ரூபாய் வரும், அதை அப்படியே விட்டுவிட்டு வருவோம். இதை அவரிடம் சொன்னபோது, "மீதிச் சில்லறைதாம்மா எங்க டிப்ஸ். இப்ப மீதியே வர்றதில்ல" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்கிற மாதிரி சொன்னார். யாரும் கஞ்சத்தனமாகி டிப்ஸை நிறுத்தவில்லை. பில் தொகையைச் சரியாக ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறோம், பையில் காசே இருப்பதில்லை. அவரிடமே ஸ்கேன் செய்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேலை நேரத்தில் போனை வெளியே எடுக்க முதலாளி விடமாட்டாராம்.

அதற்கப்புறம் சில்லறை சேர்ப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன். ஏ.டி.எம்.மில் வருவதெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. வங்கிக் கவுண்ட்டரில் கேட்டு இருபது ரூபாய்க் கட்டு ஒன்று வாங்கினேன், 2,000 ரூபாய். பத்து ரூபாய் நோட்டு மாட வீதியில் பூக்காரம்மாவிடம் கிடைத்தது.

எவ்வளவு கொடுக்கலாம் என்று ஊருக்குக் கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். இந்த மூன்று வாரத்தில் எனக்குப் பிடிபட்ட அளவைச் சொல்கிறேன். டிபன் கடையில் நான்கு பேருக்கு இருபது ரூபாய் கௌரவமான தொகை, தனியாகப் போனால் பத்து. இலை போட்டுச் சாப்பாடு போடும் மெஸ்ஸில், இரண்டாம் தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டு வந்து ஊற்றுகிறவருக்குத் தலைக்குப் பத்து. குடும்பத்தோடு போகும் ஏ.சி. உணவகத்தில், சர்வீஸ் சார்ஜை எடுத்த பிறகு, 5லிருந்து 10 சதவீதம். சின்ன பில் என்றால் பத்து, பெரிய பில் என்றால் ஐந்துக்குப் பக்கமாக. நட்சத்திர ஹோட்டலிலும் இதுவே போதும், 20 சதவீதத்தை டாலஸோடு விட்டுவிடலாம். நின்றுகொண்டு குடிக்கிற காபிக் கடையிலும் பார்சல் கவுண்ட்டரிலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வீட்டுக்கு சாப்பாடு கொண்டு வருகிறவருக்கு நாங்கள் முப்பது கொடுத்தோம்; மழையில் நனைந்து வந்தவருக்கு ஐம்பதும் ஒரு டம்ளர் காபியும். சரியாகப் பரிமாறாத இடத்தில் எதுவும் வைக்காமல் வருவதிலும் தப்பில்லை. ஒரு தடவை அப்படியும் வந்தேன். இருபது ரூபாயாக இருந்தாலும் மேஜையில் போட்டுவிட்டு வராதீர்கள். முகத்தைப் பார்த்துக் கையில் கொடுங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் அதே மயிலாப்பூர் கடைக்கு அப்பாவும் நானும் மட்டும் போனோம். பொங்கல், வடை, இரண்டு காபி. அப்பாவே ஸ்கேன் செய்தார், சமீபத்தில்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். நான் சர்வர் கையில் இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை. "இன்னொரு இருபது இருக்கா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். மூன்று வாரமாகத் தினமும் எங்கள் மேஜையையும் அவர்தான் துடைத்திருக்கிறார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.