மேற்குச் சுவர் இன்சுலேஷன்: சரக்கு நல்லது, வேலை பாதிதான்

சென்னை தண்டையார்பேட்டையில் மேல் மாடி வீடு. படுக்கையறையின் மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் வெயிலை முழுசாக வாங்கும். உள்பக்கமாக ஃபிரேம் அடித்து, வெப்பத்தைத் தடுக்க 50 மி.மீ. கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) வைத்து, மேலே ஜிப்சம் போர்டு போட்டுக் கொடுத்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். ஃபினிஷிங் அருமை, ஜாயின்ட் எங்கே என்று தேடினாலும் தெரியாது. ஆனால் ராத்திரி ஏசி முன்பு மாதிரியே ஓய்வில்லாமல் ஓடியது.

கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுப்பதே அதன் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றால்தான், அந்தக் காற்று நகர ஆரம்பித்தால் வெப்பமும் கூடவே உள்ளே வரும், அப்புறம் எத்தனை மி.மீ. போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. எங்கள் அறையில் போர்டின் மேல் விளிம்பு, ஸ்விட்ச் பாக்ஸ், ஏசியின் காப்பர் பைப் போகும் ஓட்டை எல்லாம் திறந்தே கிடந்தன. கதவு வேறு. 90 செ.மீ. அகலக் கதவுக்குக் கீழே 1 செ.மீ. சந்து இருந்தால் 90 சதுர செ.மீ., அதாவது 4 அங்குல பைப்பின் வாயை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை.

நம் ஊரில் இதை விடப் பெரிய தொல்லை ஈரம். பல மாதங்களில் வெளிக்காற்றை 25 டிகிரி வாக்கில் குளிர வைத்தாலே தண்ணீர் விடத் தொடங்கும், நாம் ஏசியை 24-ல் வைக்கிறோம். சந்து வழியாகப் போகும் புழுக்கக் காற்று குளிர்ந்த போர்டின் பின்பக்கம் பட்டு வியர்க்கும், பஞ்சு நனையும், பூஞ்சை பிடிக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லாமல் போர்டை மூடியதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கடைசியில் இந்தச் சந்துகளை அடைத்துக் கொடுத்தவர் எங்கள் தெரு கார்பென்டர். ஜன்னல் கதவை மூடி, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியை விளிம்பு விளிம்பாகக் காட்டினார். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே காற்று நுழைகிறது. (வெளிநாட்டில் இதையே வாசலில் பெரிய ஃபேன் மாட்டி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் அளக்கிறார்கள்.) பைப் ஓட்டைக்கு ஃபோம் ஸ்ப்ரே, வெளிப்பக்கம் வெயிலில் ஃபோம் பொடிந்துவிடும் என்பதால் மேலே சிமென்ட் பூச்சு, போர்டு விளிம்புக்கு சீலன்ட், கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. இன்சுலேஷன் பில்லோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. இப்போது அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுகிறது, போர்வையில் அந்தப் பிசுபிசுப்பும் இல்லை.

கிளாஸ் வூலைத் தாராளமாகப் போடலாம், ஆனால் போர்டு மூடுவதற்கு முன்னாலேயே ஓட்டைகளை அடைத்துக் காட்டச் சொல்லுங்கள், கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். இதெல்லாம் ஏசி அறைக்கு மட்டும். கேஸ் அடுப்பு எரிகிற சமையலறையின் வென்டிலேட்டரை யாராவது அடைக்க வந்தால் விடாதீர்கள். ஸ்லைடிங் ஜன்னலுக்கு மட்டும் இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை, பிரஷ் பட்டையைப் புதிதாக மாற்றியும் கடல் காற்று வீசும்போது கீழ் டிராக்கில் புகை ஆடுகிறது.