ரப்பர் இல்லாமல் நான்கு ஆண்டுகள்: பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த அனுபவம்

2021 ஆகஸ்டு முதல், கடையில் 10 ரூபாய்க்குள் கிடைக்கும் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் மட்டுமே வரைந்து வருகிறேன். ஓவியம் எனக்குத் தொழில் அன்று. தருமபுரியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், மாலையில், மாண்ட வீரர்களின் நினைவாக நட்ட பழைய சிற்பக் கற்களான நடுகற்களை வரைகிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் 9 நோட்டுகள் நிரம்பின. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் நான் முடித்த படங்கள் 11.

முடிக்காதவற்றுக்குக் கணக்கில்லை. பென்சில் காலத்தில் தாள் தேயும்வரை அழித்தேன். பிறகு ஒரு டேப்லெட் வாங்கினேன்; அதன் ‘அன்டூ’ பொத்தான் நோயை முற்ற வைத்தது. வில் பிடித்த ஒரு வீரனின் இடக்கையை இரவு முழுவதும் போட்டுப் போட்டு அழித்து, விடியும்போது திரை வெறுமையாக இருந்ததைப் பார்த்த பிறகே, அழிப்பதும் வேலை செய்வதைப் போன்ற நிறைவைத் தந்து நம்மை ஏமாற்றுகிறது என்பது எனக்கு உறைத்தது. டேப்லெட்டை அக்காள் மகனிடம் கொடுத்துவிட்டேன்.

மைப்பேனாவை எடுக்காமல் பால்பாயிண்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இதன் மை எண்ணெய் கலந்த கெட்டிக் குழம்பு. கை அழுத்தத்திற்கு ஏற்பவே தாளில் இறங்கும். மெல்லத் தொட்டால் பென்சில் போல மங்கலான கோடு விழும், அழுத்தினால் கருக்கும். ஆகவே முதற்கோடு தவறினாலும் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டை அழுத்திப் போட்டுவிடலாம். தவறு மறையாது, ஆனால் பின்னுக்குப் போய்விடும். குறைகளும் உள்ளன. முனையில் மை திரண்டு திடீரென்று பொட்டாக விழும், அதற்காகப் பக்கத்தில் ஒரு துணி வேண்டும். சுவரில் வெயில் படும்படி மாட்டிய இரண்டு படங்கள் நிறம் மங்கிவிட்டன. பாதுகாத்து வைக்க வேண்டிய படத்திற்கு இந்தப் பேனா ஆகாது.

எனக்கு நானே விதித்துக்கொண்டவை மூன்று: நாளுக்கு 20 நிமிடம், பக்கத்தில் தேதி, தாளைக் கிழிப்பதில்லை. மூன்றாவதுதான் கடினம். முதல் நோட்டு ஸ்பைரல் கட்டியது. அதில் பாதித் தாள்கள் குப்பைக்குப் போயின. பிறகு நடுவில் நூலால் தைத்த நோட்டுக்கு மாறினேன். அதில் ஒரு தாளைக் கிழித்தால் மறுபாதியில் உள்ள தாளும் கழன்றுவிடும் என்பதால், இன்றைய அசிங்கத்தை ஒழிக்க நேற்றைய நல்ல பக்கத்தைப் பலியிட வேண்டியிருக்கும். என் மன உறுதியைவிட அந்தத் தையலுக்கே நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களின் முன் உட்கார்ந்தது வேறு வகையில் உதவியது. பழைய தமிழ் எழுத்து வடிவமான வட்டெழுத்தில் அமைந்த வரிகள் இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி வெட்டப்பட்ட கல்லையும், உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் கை அமைந்த வீரனையும் வரைந்திருக்கிறேன். உளி பெயர்த்த சில்லை அந்தச் சிற்பி திரும்ப ஒட்டியிருக்க முடியாது. இருந்தும் கல் நடப்பட்டது, நிற்கிறது.

இனி, இந்த முறை எங்கே தோற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெவிட், ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991இல் பரிபூரண மனப்பான்மையை, அதாவது எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தை, மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது. பேனா என் முதல் வகையைப் பெரிதும் தணித்தது. மூன்றாவதைத் தொடவே இல்லை. ஒரு சிற்றிதழ் 4 படங்கள் கேட்டபோது நான் இரண்டு வாரம் உறைந்து போனேன், இரகசியமாகப் பென்சிலும் வாங்கினேன், இறுதியில் கெடு கடந்து போயிற்று. யாரும் பார்க்காத நோட்டில் கிடைக்கும் துணிச்சல், பிறர் பார்க்கும் தாளுக்குத் தானாக வந்து சேர்வதில்லை. இந்தப் பழக்கத்தைத் தொடங்குவோர் ஆறு மாதத்திற்குள் யாரிடமாவது நோட்டைக் காட்டிவிடுவது நல்லது. நான் மூன்று ஆண்டுகள் வீணாக்கினேன்.

நான் நோட்டைக் காட்டியதுகூடத் திட்டமிட்டு நடந்ததன்று. சென்ற ஆண்டு, கடன் தவணை கட்ட வந்த பெரியவர் ஒருவர் மேசைமேல் திறந்திருந்த நோட்டைத் தம் பக்கம் திருப்பினார். அன்று வரைந்தது எனக்குப் பிடிக்காத படம். இடது முழங்கால் கோணலாக இருந்தது, தலைக்கு மேலே மைப்பொட்டு வேறு.

“இது எங்க கொல்லையில இருக்கிற வேடியப்பன் மாதிரியே இருக்குதே சார், எங்க பார்த்தீங்க?” என்றார்.

“இது மியூசியத்துக் கல்லுங்க ஐயா. கால் சரியா வரல,” என்றேன்.

“எங்க சாமிக்குக் காலே தெரியாது சார், மஞ்சள் பூசிப் பூசி.”

இப்பகுதியில் நடுகற்களை வேடியப்பனாக வணங்குவது எனக்குத் தெரிந்ததுதான். என் படத்தில் ஒருவர் தம் சாமியைக் காண்பார் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய கேழ்வரகுக் கொல்லைக்குப் போனேன். மஞ்சளும் எண்ணெயும் படிந்த அந்தக் கல்லில் வில்லும் தோளும் மட்டுமே புலப்பட்டன. 20 நிமிடத்தில் இரண்டு பக்கம் வரைந்தேன். அவர் ஒன்றைக் கேட்டார். தைத்த நோட்டிலிருந்து முதல்முறையாக ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே மறுபாதித் தாளும் கழன்றது, அதை இன்னும் ஒட்டவில்லை.