ரூக்கி குவார்ட்டர்பேக்கை எப்போது இறக்குவது? என்எஃப்எல் பிளஸ் பிரீமியம் சந்தாவை வைத்து ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் சார்லட் நகரில் குடியிருப்பவர்களுக்கு 2023 முதல் ஓயாத வாதம் ஒன்று உண்டு. அந்நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியான கரோலைனா பேந்தர்ஸ், கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த ரூக்கி (முதல் பருவ வீரர்) குவார்ட்டர்பேக்கான, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரான, பிரைஸ் யங்கை முதல் வாரமே களத்தில் இறக்கியது சரியா, ஓராண்டு உட்காரவைத்திருக்க வேண்டுமா என்பதே அது. வாதத்தில் கலந்துகொள்ளும் எல்லோரிடமும் ஸ்கோர் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தவர்கள்தான் குறைவு. என்னையும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக உணர்ந்த பிறகே அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இணையவழிச் சேவையான என்எஃப்எல் பிளஸுக்குப் பிரீமியம் சந்தாவைக் கட்டினேன். ஆகவே இந்த மதிப்புரை அந்தச் சேவையை அந்த ஒரு கேள்விக்கு உரைத்துப் பார்ப்பது மட்டுமே.

இச்சேவை 2022 இல் தொடங்கியபோது பிரீமியம் சந்தா மாதத்துக்கு 9.99 டாலராக இருந்தது. அடுத்த ஆண்டே 14.99 ஆயிற்று. நேரலை ஆட்டங்களுக்காக இதை வாங்க நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும், ஏனென்றால் உள்ளூர் ஆட்டங்களும் இரவு ஆட்டங்களும் கைபேசியிலும் டேப்லெட்டிலும் மட்டுமே தெரியும் என்ற ஏற்பாட்டுடன்தான் இது வந்தது. கொடுக்கும் காசுக்கு ஈடாக நான் கருதுவது வேறொன்று. பயிற்சியாளர்கள் பார்க்கும் அதே படச்சுருள், அதாவது ‘ஆல்-22’ என்று சொல்லப்படும் பதிவு, பிரீமியம் சந்தாதாரருக்கும் கிடைக்கிறது.

தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடும். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிப் பின்வாங்கும்போது, அவர் யாருக்கு எறிய வேண்டுமோ அந்த ரிசீவர்கள் பெரும்பாலும் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். ஆல்-22 இல் அரங்கத்தின் உச்சியிலிருந்து இருபத்திரண்டு பேரும் தெரிவார்கள். ஆடுகளத்தின் கடைக்கோடியான எண்ட் ஸோன் பின்னாலிருந்து இன்னொரு கோணமும் உண்டு. வர்ணனை கிடையாது, கூட்டத்தின் ஆரவாரம் கிடையாது. நான் செய்வது எளிய வேலைதான்: ஸ்னாப் ஆன, அதாவது பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கும், கணத்தில் நிறுத்திவிட்டு, மெதுவாக நகர்த்தி, இளம் குவார்ட்டர்பேக்கின் பாதங்களை மட்டும் பார்ப்பேன். முதல் ரிசீவர் மறிக்கப்பட்டதும் பாதங்கள் அடுத்தவரை நோக்கித் திரும்புகின்றனவா, அல்லது யாரும் நெருங்காதபோதே ஓட எத்தனித்துத் தரையில் தத்தளிக்கின்றனவா என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

யங்கின் முதல் பருவம் அந்தப் பார்வையில் வேதனையானது. அவர் தொடங்கிய 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வெற்றி. 62 முறை சாக் செய்யப்பட்டார், அதாவது பந்தை எறியுமுன்னே வீழ்த்தப்பட்டார். எண்களை மட்டும் பார்த்தால் தயாராகாத பையனை இறக்கிவிட்டார்கள் என்றே தோன்றும். படச்சுருளோ அவருக்கு முன்னால் நின்றவர்களைக் காட்டுகிறது. அவரைக் காக்கும் முன்வரிசையில் தொடக்கக் கார்டுகளாக இருந்திருக்க வேண்டிய பிராடி கிறிஸ்டென்சன், ஆஸ்டின் கார்பெட் இருவருமே பருவத்தின் பெரும்பகுதி காயத்தால் களத்தில் இல்லை. எண்ட் ஸோன் கோணத்தில் நடுவரிசை உடைந்து உள்ளே விழுவதைப் பார்க்கும்போது, கேள்வியையே மாற்ற வேண்டியிருக்கிறது: இளைஞர் தயாரா என்பதற்கு முன்னால், அவரை நிறுத்தும் இடம் தயாரா? அதே பருவத்தில், அடுத்த ஆளாக எடுக்கப்பட்ட சி.ஜே. ஸ்ட்ரவுட் ஹியூஸ்டனில் முதல் வாரமே இறங்கி 23 டச் டவுன் (புள்ளி தரும் எறிதல்) எறிந்து, 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்) மட்டுமே கொடுத்தார் என்பதால், முதல் வாரம் இறக்குவதே பாவம் என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மறுபக்கத்துக்கு இன்னொரு ரூக்கியான டிரேக் மேயைப் பார்த்தேன். 2024 இல் நியூ இங்கிலாந்து அவரை அனுபவசாலியான ஜக்கோபி பிரிசெட்டுக்குப் பின்னால் ஐந்து ஆட்டங்கள் உட்காரவைத்து, ஆறாம் வாரம் ஹியூஸ்டனுக்கு எதிராக இறக்கியது. அணி 41-21 என்று தோற்றது. அவர் 243 கெஜம், 3 டச் டவுன், 2 இன்டர்செப்ஷன். தோல்வியைத் தள்ளிவிட்டு அந்தச் சுருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்காகவே ஒரு மாதச் சந்தா தகும். ரிசீவர் கெய்ஷான் பூட்டேவுக்குப் போன 40 கெஜ எறிதலை மேல் கோணத்தில் பாருங்கள். ஸ்கோர் பலகை சொல்லாத ஒரு நிதானம் அதில் தெரியும்.

இச்சேவையின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது. படச்சுருள் ஆட்டத்துக்குப் பிறகுதான் வரும். முடிவோ அதற்கு முன்னால் எடுக்கப்படுகிறது. பயிற்சித் திடலில் அந்த வாரம் எத்தனை ஸ்னாப் யாருக்குப் போனது, கூட்ட அறையில் இளைஞர் எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்பதையெல்லாம் பார்த்துத்தான் பயிற்சியாளர் முடிவெடுக்கிறார். அவை எந்தச் சந்தாவிலும் வராது. ஹெல்மெட்டில் கேட்கும் பயிற்சியாளரின் குரல் அடுத்த ஸ்னாப்புக்குக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 15 வினாடி மீதமிருக்கும்போது அறுந்துவிடும் என்று தெரிந்தாலும், அதன்பின் அந்த மண்டைக்குள் நடப்பதைப் படமெடுக்க வழியில்லை. கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் ரூக்கியாக இருந்த 2017 முழுவதும் அனுபவசாலியான அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் இருந்து, கடைசி வாரம் டென்வரில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அடுத்த பருவம் 50 டச் டவுன். அந்தக் காத்திருப்புக்குச் சுருள் ஏது?

யங்குக்கு அந்தக் காத்திருப்பு ஓராண்டு தாமதமாகவே கிடைத்தது. 2024 இல் இரண்டு ஆட்டங்களுக்குப் பின் அனுபவசாலியான ஆண்டி டால்ட்டன் அவரிடத்தில் வந்தார். டால்ட்டன் கார் விபத்தில் கைவிரலில் அடிபட்டதால்தான் யங் எட்டாம் வாரம் திரும்பினார். கடைசி வாரம் அட்லாண்டாவை 44-38 என்று கூடுதல் நேரத்தில் வென்ற ஆட்டத்தை, முந்தைய ஆண்டின் ஏதேனும் ஒரு சுருளோடு அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். சந்தா வாங்குபவர்கள் செப்டம்பரில் அல்ல, பருவம் முடிந்தபின் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, இந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம்.