வெளிநாட்டு புரோக்கர் கணக்குக்குப் பணம் அனுப்புவது: மன்னார்குடியிலிருந்து சில வருட அனுபவம்

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை வட்டாரத்து வங்கிகளுக்கு சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் வருவது தண்ணீர் பட்ட பாடு. இங்கேயிருந்து அமெரிக்காவுக்குப் பணம் போகணும் என்று சொன்னால்தான் கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். "பையன் படிப்புக்கா சார்?" என்பது முதல் கேள்வி. "இல்லைங்க, ஷேர் வாங்க" என்றால் உள்ளே மேனேஜர் அறையைக் கை காட்டுவார். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான், சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பங்கை சில வருடங்களாக அமெரிக்க புரோக்கர் கணக்கு ஒன்றுக்கு அனுப்பி வருகிறேன். அதில் எங்கெங்கே காசு ஒழுகுகிறது, எதை அடைக்க முடிகிறது, எதை முடியாது என்று எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சட்டப்படி இது முழுக்க அனுமதிக்கப்பட்ட விஷயம். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2004-ல் கொண்டு வந்த எல்ஆர்எஸ் திட்டம், அப்போது 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது. இப்போது ஒரு நிதியாண்டுக்கு ஒரு ஆளுக்கு 2,50,000 டாலர். பான் கார்டு கட்டாயம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்ப வேண்டும், எதற்காக அனுப்புகிறோம் என்று காட்டும் பர்ப்பஸ் கோடு பங்கு முதலீட்டுக்கு எஸ்0001. கடன் வாங்கி அனுப்பக்கூடாது, கொஞ்சம் முன்பணம் கட்டிப் பெரிய தொகைக்கு வாங்கி விற்கும் மார்ஜின் வர்த்தகத்துக்கும் அனுப்பக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். மீதியெல்லாம் கட்டணக் கதை.

கட்டணம் என்றதும் எல்லோரும் கேட்பது "ஸ்விஃப்ட் சார்ஜ் எவ்வளவு?" என்பதைத்தான். வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பப் பயன்படுத்தும் வலையமைப்புதான் ஸ்விஃப்ட்; அதற்கான கட்டணம்தான் வங்கியின் பட்டியலிலும் பளிச்சென்று இருக்கும். ஐந்நூறோ ஆயிரமோ ஒரு தொகை போட்டிருப்பார்கள். ஆனால் பெரிய தொகை அனுப்பும்போது அது சுண்டைக்காய். உண்மையான வசூல் டாலர் விலையில் இருக்கிறது. களத்துமேட்டுக்கு நெல் வாங்க வரும் வியாபாரி மூட்டைக்குப் பத்து ரூபாய் கூட்டிச் சொல்லிவிட்டு எடையில் எடுத்துக்கொள்வாரே, அந்தக் கணக்கு இது.

எண்ணோடு பார்த்தால் விளங்கும். வங்கிகளுக்கிடையிலான டாலர் விலை 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு அந்த விலையில் 5,882 டாலர் வரணும். வங்கி தன் கார்டு ரேட்டில், அதாவது அன்றைக்கு எல்லோருக்கும் பொதுவாகப் போடும் விலையில், 86 ரூபாய் போட்டால் வருவது 5,814 டாலர்தான். 68 டாலர், அதாவது ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய், எந்த ரசீதிலும் கட்டணம் என்ற பெயரில் வராமலே போய்விட்டது. அதே வங்கி 85.30-க்குக் கொடுத்தால் இழப்பு சுமார் 1,760 ரூபாயோடு நிற்கும். ஒரு டாலருக்கு எழுபது பைசா வித்தியாசத்தில் நான்காயிரம் ரூபாய். "எங்க பேங்குல ஸ்விஃப்ட் சார்ஜே கிடையாது" என்று பெருமையாகச் சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என்ன ரேட் போட்டாங்க?

இந்த ரேட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. நான் போகும் கிளையில் முதலில் நடந்த பேச்சு இப்படி இருந்தது.

"மேடம், ஐபிஆருக்கு, அதான் பேங்குகளுக்குள்ள நடக்கிற டாலர் விலைக்கு, மேல எத்தனை பைசா போடுவீங்க?"

"சிஸ்டத்துல என்ன ரேட் வருதோ அதுதான் சார். நாங்க கையால மாத்த முடியாது."

"ட்ரெஷரில கேட்டு டீல் ரேட் வாங்க முடியாதா மேடம்?"

சற்று யோசித்துவிட்டு போனை எடுத்தார். சென்னையில் ட்ரெஷரியில், அதாவது வங்கி டாலர் வாங்கி விற்கும் பிரிவில், யாரோ எடுத்தார்கள். தொகை எவ்வளவு, இன்றைக்கே டெபிட் செய்யலாமா என்று கேட்டார்கள். திரையில் இருந்த கார்டு ரேட்டை விட அறுபத்தைந்து பைசா குறைத்து ஒரு விலை வந்தது, அதுதான் டீல் ரேட். அதை ஏ2 படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் டீல் நம்பரையும் குறித்துக்கொண்டார். இதில் சலுகை என்று ஒன்றும் இல்லை. ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் தினமும் இப்படித்தான் பேசி விலை வாங்குகின்றன. தனியாள் கேட்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். ஐம்பதாயிரத்துக்கெல்லாம் போன் போடச் சொன்னால் அவர்களுக்கும் எரிச்சல்தான். சில லட்சங்கள் இருந்தால் பேச்சுக்கு மதிப்பு உண்டு. நெட் பேங்கிங்கிலேயே அனுப்பும் வசதி வந்த பிறகும் நான் முதலில் கிளையில் ரேட் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறேன். சில நாள் ஆன்லைன் ரேட் மலிவு, சில நாள் டீல் ரேட். கையில் போனைத் திறந்து சந்தை விலையைப் பார்த்துக்கொண்டே பேசணும். காலையில் பார்த்த விலையை வைத்து மதியம் வாதாடக் கூடாது.

சனிக்கிழமை வேலை நாளாக இருந்தாலும் அந்தப் பக்கம் போவதில்லை. டாலர் சந்தை மூடியிருக்கும். திங்கட்கிழமை விலை எங்கே போகுமோ என்ற பயத்துக்கும் சேர்த்து மார்ஜின், அதாவது சந்தை விலைக்கு மேல் ஏற்றும் தொகை, வைப்பார்கள். வார நாளில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே காகிதத்தைக் கொடுத்துவிடுவது உத்தமம்.

அடுத்தது, எத்தனை தடவை அனுப்புவது. இந்தியப் பங்குகளில் மாதாமாதம் எஸ்ஐபி போட்ட பழக்கத்தில் வெளிநாட்டுக்கும் மாதம் ஐம்பதாயிரம் அனுப்பலாம் என்று தோன்றும். கணக்கு அதற்கு ஒத்து வராது. என் வங்கியின் கட்டணம் 750 ரூபாய், ஜிஎஸ்டியோடு 885. வழியில் இருக்கும் வங்கி ஒன்று 20 டாலர் பிடித்தால் சுமார் 1,700. டாலர் மாற்றியதற்கான ஜிஎஸ்டி 90. ஆக ஐம்பதாயிரத்தில் 2,675 ரூபாய், ஐந்து சதவீதத்துக்கு மேல், பங்கு வாங்குவதற்கு முன்பே காலி. வருடம் முழுக்க இப்படிச் செய்தால் 32,100 ரூபாய். அதே ஆறு லட்சத்தைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக அனுப்பினால் மொத்தம் 3,215 ரூபாய்தான். சேரும் வரை, நினைத்தபோது எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டில் போட்டு வைத்தால் அதுவும் கொஞ்சம் குட்டி போடும்.

இதில் டாலர் மாற்றத்துக்கான ஜிஎஸ்டி கணக்கு பலருக்குப் புதிராக இருக்கிறது. 18 சதவீதம் என்பது அனுப்பும் தொகை முழுவதுக்கும் இல்லை. முதல் ஒரு லட்சம் வரை தொகையில் 1 சதவீதத்தையும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள பகுதியில் அரை சதவீதத்தையும், பத்து லட்சத்துக்கு மேல் 0.1 சதவீதத்தையும் சேவை மதிப்பாக எடுத்து, அதன் மேல் 18 சதவீதம் போடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், ஐந்து லட்சத்துக்கு 540, பத்து லட்சத்துக்கு 990. இதற்குப் பேரம் கிடையாது, பெரும்பாலான வங்கிகளில் இதே சூத்திரம்தான். ஐந்து லட்சத்தை ஐந்து தடவையாகப் பிரித்தால் 900 ஆகிவிடும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

வழியில் பிடிக்கும் அந்த 20 டாலர் ஒரு தலைவலி. நம் வங்கிக்கும் புரோக்கரின் நியூயார்க் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் ஒரு கரெஸ்பாண்டென்ட் வங்கி வரும், அது தன் கூலியை எடுத்துக்கொண்டுதான் தள்ளிவிடும். படிவத்தில் மூன்று வழி இருக்கிறது: ஓயுஆர் என்றால் எல்லாச் செலவும் அனுப்புபவருடையது, எஸ்ஹெச்ஏ என்றால் பங்கு பிரித்துக்கொள்வது, பிஇஎன் என்றால் பெறுபவர் தலையில். ஓயுஆர் போட்டால் நம் வங்கி முன்கூட்டியே கூடுதலாக ஒரு தொகை வாங்கும். அந்தத் தொகை 20 டாலருக்கு மேல் இருந்தால் எஸ்ஹெச்ஏ போதும், நமக்கு நாமே அனுப்பும் பணம்தானே. படிப்புக் கட்டணம் மாதிரி பைசா குறையாமல் போய்ச் சேர வேண்டிய அவசியம் இதில் இல்லை. படிவத்தில் எதையும் குறிக்காமல் விட்டால் அவர்களே ஒன்றைப் போட்டுவிடுவார்கள், அதனால் டிக் அடித்து விடுவேன்.

பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்து அரசுக்குக் கட்டும் வரியான டிசிஎஸ் பற்றிக் கேட்காதவர் இல்லை. அக்டோபர் 2023 முதல் முதலீட்டுக்காக வருடத்தில் ஏழு லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் பிடித்தார்கள். ஏப்ரல் 2025 முதல் அந்த வரம்பு பத்து லட்சம். 2024 தொடக்கத்தில் என் மொத்தம் ஒன்பது லட்சம் ஆனபோது, மேலே போன இரண்டு லட்சத்துக்கு 40,000 ரூபாய் பிடித்தார்கள். அது செலவில்லை, வருமான வரிக் கணக்கில் நம் பெயரில் வரவாக நிற்கும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். வாங்கினேன். ஆனால் அதுவரை நாற்பதாயிரம் வட்டியில்லாமல் முடங்கிக் கிடந்தது. சம்பளக்காரர்கள் 2024 அக்டோபருக்குப் பிறகு அலுவலகத்தில் இதைத் தெரிவித்து, சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸில் கழித்துக்கொள்ளவும் வழி வந்துவிட்டது. எனக்கு எளிதாகப் படுவது மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி. இரண்டு நிதியாண்டின் வரம்பும் ஒரு மாதத்துக்குள் கிடைக்கிறது. வங்கியை மாற்றினால் வரம்பு புதிதாகாது. பான் எண்ணை வைத்துத்தான் கூட்டுகிறார்கள். மனைவி பெயரில் தனியாக அனுப்பினால் அவருக்குத் தனி வரம்பு உண்டு. ஆனால் நீங்கள் கொடுத்த பணமாக இருந்தால் அதன் வருமானம் உங்கள் கணக்கில்தான் சேரும்.

நம்மூர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். புரோக்கர் கணக்கு பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திறந்தது. அவர்கள் மூன்றாம் ஆள் பணத்தை ஏற்பதில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று என் பணத்தை ஒரு தடவை நிறுத்தி வைத்து, வங்கிக் கடிதம் கேட்டார்கள். அப்புறம் வங்கிக் கணக்கின் பெயரையே பாஸ்போர்ட்படி மாற்றிக்கொண்டேன், அதோடு தொல்லை தீர்ந்தது. அப்பாவோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட்டிலிருந்து அனுப்ப நினைப்பவர்களும் முதலில் புரோக்கரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பணம் போய்ச் சேருவது புரோக்கரின் பொதுக் கணக்குக்கு. அது உங்களுடையது என்று அடையாளம் காட்டுவது குறிப்புப் பகுதியில் இருக்கும் உங்கள் கணக்கு எண்தான். அந்தப் பகுதியில் மொத்தம் 140 எழுத்து, அவ்வளவே இடம். கணக்கு எண்ணை முதல் வரியில் போடச் சொல்வேன், அனுப்பிய பின் ஸ்விஃப்ட் காப்பி வாங்கி அது அப்படியே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன். அதில் யுஇடிஆர் என்று ஒரு நீள எண் இருக்கும். பணம் எங்காவது நின்றால் அதை வைத்துத்தான் தேட முடியும்.

ரேட் மலிவு என்று வேறு வங்கியில் புதுக் கணக்கு திறக்கலாமா? திறக்கலாம். கணக்கு ஒரு வருடம் பழையதாக இல்லாவிட்டால் பழைய வங்கியின் ஒரு வருட ஸ்டேட்மென்ட்டைக் கேட்பார்கள், கொடுத்தால் போதும். புரோக்கர்கள் தங்கள் செயலிக்குள்ளேயே இணைத்துத் தரும் வங்கிக் கணக்குகளில் கட்டணம் பூஜ்யம் என்று விளம்பரம் பார்த்தேன். திறந்து பார்த்ததில் டாலர் விலையில் ஒரு ரூபாய்க்கு மேல் மார்ஜின் இருந்தது. அதைச் சும்மா போட்டு வைத்திருக்கிறேன்.

அனுப்பிய பணம் அங்கே முதலீடு ஆகாமல் தூங்கக் கூடாது. 180 நாளுக்குள் முதலீடு செய்யணும், இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவரணும் என்பது 2022-ல் வந்த விதி. அனுப்பின வாரமே வாங்கிவிடுவதால் எனக்கு இது உறுத்தவில்லை. திரும்பக் கொண்டுவரும்போதும் அதே மார்ஜின் எதிர்ப்பக்கமாக உட்கார்ந்திருக்கும், அதற்கும் பேசித்தான் ஆகணும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர், வருடத்துக்கு ஒரு லட்சம் அமெரிக்கப் பங்கில் போடலாமா, எந்த வங்கி என்று கேட்டார். எந்த வங்கியும் வேண்டாம் என்றேன். இங்கேயே ரூபாயில் வாங்கக்கூடிய, வெளிநாட்டுப் பங்குகளில் போடும் ஃபண்டுகள் இருக்கின்றன. மியூச்சுவல் ஃபண்ட் துறைக்கே மொத்தம் 700 கோடி டாலர் என்ற உச்சவரம்பு இருப்பதால் அவற்றில் சில அவ்வப்போது புதுப் பணத்துக்குக் கதவைச் சாத்திவிடுகின்றன. எது திறந்திருக்கிறது என்று பார்த்து மாதம் எட்டாயிரம் போடச் சொல்லியிருக்கிறேன். ஸ்விஃப்ட், ஏ2, இனிஷியல் எதுவும் அவருக்கு இப்போதைக்குத் தேவையில்லை.