தடைக்காலத்துல ஊருக்குப் போனா மீனு கெடைக்குமா? நாகப்பட்டினத்துல போர்டு இல்லாத ஒரு கடை

மொதல்லயே சொல்லிடறேன், இந்தக் கடைக்கு பேரு கெடையாது. அக்கரைப்பேட்டை பக்கம் ஹார்பருக்குப் போற வழியில ஒரு நீலக்கலர் தார்ப்பாய், ரெண்டு விறகடுப்பு, நாலு பிளாஸ்டிக் டேபிள், அவ்ளோதான். மெனுவும் இல்ல. மீன நாம வாங்கிட்டுப் போகணும், அவங்க ஆஞ்சு கழுவி சமைச்சுத் தருவாங்க, கிலோவுக்கு 150 ரூபா கூலி. சோறு, ரசம் தனி.

நாங்க இருக்கறது சிங்கப்பூர்ல. பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு ஜூன்ல வர்றதால ஊருக்கு வர்றதும் ஜூன்லதான், எங்க நேரம் பாருங்க, கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக்கூடாது. முன்னாடி 45 நாளாதான் இருந்துச்சு, 2017லதான் ஏத்துனாங்க. மீனு முட்டை போடற காலம், தப்பே சொல்ல முடியாது, ஆனா வருசம் பூரா மீனு மீனுன்னு கெடந்துட்டு ஊருக்கு வந்தா இப்புடி ஆவுதேன்னு ஒரு கடுப்பு இருக்கத்தான் செய்யும்.

திருச்சில எறங்கி தஞ்சாவூர் தாண்டி வரும்போதே பசங்களுக்குப் பசி. வழியில பெரிய ஹோட்டல் ஒண்ணு, பேரு வேணாம், வாசல்ல ஒரு ஆள் உசரத்துக்கு மீன் பொம்மை வச்சு "கடலிலிருந்து நேரடியாக"ன்னு எழுதியிருந்தான். வஞ்சிரம் வறுவல் சொன்னோம். தட்டு வந்தப்பவே அப்பா மூஞ்சி மாறிடுச்சு. செங்கல் கலர்ல மசாலா, அதுவும் ஒரு விரல் கனத்துக்கு அப்பி வச்சிருக்கான், பிச்சா உள்ள சதை நார் நாரா பஞ்சு மாதிரி வருது. ஒரு வாய் வச்சிட்டு அப்பா "இது கடல விட்டு வந்து ரொம்ப நாளாச்சு"ன்னு சொல்லிட்டு மோருக்குப் போயிட்டாரு. ஆறு பேருக்கு 2,800 ரூபா பில்லு. தடைக்காலத்துல வஞ்சிரமே கெடைக்காதுன்னு நான் சொல்ல வரல, தடையில்லாத சின்ன ஃபைபர் போட்டுக்கும் ஒண்ணு ரெண்டு படத்தான் செய்யும், ஆனா ரோட்டோரத்துல இருக்கற எல்லா ஹோட்டல்லயும் தினம் தட்டு தட்டா வஞ்சிரம் வருதுன்னா அது எங்கேர்ந்து வருதுன்னு நாமதான் யோசிக்கணும். ஐஸ்ல வச்ச மீனு தப்பில்ல, நானும் சிங்கப்பூர்ல அதான் திங்கறேன், ஐஸ் மீன ஐஸ் மீனுன்னு சொல்லி விக்கலாம்ல.

மறுநாள் காலையில அஞ்சரைக்கே அப்பா என்னய எழுப்பிட்டாரு. எங்க ஊரு கீழ்வேளூர்லேர்ந்து நாகைக்கு பக்கந்தானே, அம்மா, அக்கா, பசங்கன்னு எல்லாரையும் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டோம். விசைப்படகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா கட்டிக் கெடக்கு, பெயின்ட் அடிக்கறவங்க, வலை பின்னறவங்கன்னு ஹார்பர் வேற மாதிரி இருக்கு. ஃபைபர் போட்டு மட்டும்தான் போயிட்டு வருது, அதுல வர்றது காரப்பொடி, சூடை, நெத்திலின்னு பொடி மீனு, கொஞ்சம் நண்டு. எனக்கு சப்புன்னு ஆயிடுச்சு. ஆனா அப்பா நேரா ஒரு அம்மாகிட்ட போயி உக்காந்துட்டாரு, பாத்தா கோலா!

கோலா தெரியாதவங்களுக்கு, அது பறக்கற மீனு. நாகப்பட்டினம் கடல்ல இந்த மே, ஜூன், ஜூலைலதான் அதுக்கு சீசன். அந்தக் காலத்துல இலைதழைய கட்டு கட்டா கட்டி கடல்ல மெதக்க விடுவாங்களாம், அதுல முட்டை போட கூட்டமா வர்ற கோலாவ அப்புடியே வலையில அள்ளுவாங்களாம், அப்பா பேரனுக்கு கதை சொல்லிட்டே இருந்தாரு. பாக்க ஒண்ணும் பெரிசா இருக்காது, ஒரு சாண் நீளம், முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. எம்பையன் பக்கவாட்டுல ஒட்டிக் கெடந்த துடுப்ப ரெண்டு வெரலால புடிச்சு இழுத்தான், விசிறி மாதிரி விரிஞ்சுது பாருங்க, கண்ணாடி மாதிரி ஒரு றெக்கை, அந்தப் பக்கம் நிக்கறவங்க கால் தெரியுது அதுல. விட்டதும் தானா மடங்கிடுச்சு. அவன் பத்து தடவ விரிச்சுப் பாத்தான், மீன்காரம்மா "தம்பி அது பறந்துறப் போவுது"ன்னு சொல்லவும் கைய எடுத்துட்டான்.

கூறு 200 ரூபான்னாங்க, அம்மா பேசி மூணு கூறு 500க்கு முடிச்சாங்க. அப்பா ஒவ்வொண்ணா செவுள தூக்கிப் பாத்துட்டுதான் எடுத்தாரு, ரத்தச் செவப்பா இருக்கணும், கண்ணு முட்டிக்கிட்டு இருக்கணும், வயித்த அமுக்கினா குழி விழுந்து அப்புடியே நிக்கக்கூடாது. அதோட அர கிலோ நெத்திலி.

இப்ப கடைக்கு வருவோம். நடத்தறது ஒரு அக்கா, கூட அவங்க மாமியாரு. அருவாமனைய கால்ல மிதிச்சுட்டு மாமியார் மீன் ஆயற வேகத்த நின்னு பாக்கலாம், றெக்கைய நறுக்கி, செதில் சீவி, குடல் எடுத்து, ஒரு மீனுக்கு அர நிமிசம் ஆவாது. அப்பறம் கல்லுப்பு போட்டு மண்சட்டில மூணு தண்ணி அலசுனாங்க. நான் போயி "அக்கா மசாலா கொஞ்சம் தூக்கலா"ன்னு சொன்னேன், அந்தக்கா என்ன ஒரு பார்வ பாத்துட்டு "நல்ல மீனுக்கு எதுக்கு தம்பி அவ்ளோ மசாலா"ன்னாங்க. ஹோட்டல்ல கொடுத்த 2,800 ரூபா அப்ப ஞாபகம் வந்துச்சு.

பாதி கோலா குழம்புக்கு, மீதி புட்டுக்கு. குழம்பு நம்ம நாகப்பட்டினம் குழம்பு, புளி கம்மியா மாங்கா போட்டு, தேங்கா லேசா, கடைசில சின்ன வெங்காயம் தாளிச்சுக் கொட்டுனாங்க. புட்டுக்கு மீன அவிச்சு முள்ளு எடுத்து உதிர்த்து, பூண்டு, பச்சமொளகா, வெங்காயத்தோட இரும்புச் சட்டில கிண்டித் தந்தாங்க. கோலால கொழுப்பு கம்மி, சதை வெள்ளையா கொஞ்சம் இனிப்பா இருக்கும், மசாலா அதிகமாச்சுன்னா அந்த ருசியே தெரியாமப் போயிடும். நெத்திலிய உப்பு, மஞ்சள், மொளகாத்தூள் மட்டும் போட்டு தோசைக்கல்லுல பரப்பிப் பொரிச்சாங்க, டேபிளுக்கு வந்து ரெண்டு நிமிசத்துல தட்டு காலி, எனக்கு நாலே நாலுதான் கெடைச்சுது. அம்மா வழக்கம்போல சாப்புடல, குழம்பு மீனுல முள்ள எடுத்து எடுத்து பேரன் தட்டுல வச்சிட்டே இருந்தாங்க, "நீ தின்னும்மா"ன்னு எங்கக்கா ரெண்டு தடவ கத்துனப்பறம்தான் சோத்த பெசஞ்சாங்க.

குறையும் சொல்லணும்ல. மீன குடுத்ததுலேர்ந்து எல வர ஒண்ணேகால் மணி நேரம், அந்த வெயில்ல தார்ப்பாய்க்கு கீழ உக்காந்திருக்கறது சாதாரணமில்ல. ஈ இருக்கு. கை கழுவ ஒரு டிரம்மும் ஒரு மக்கும்தான். பொம்பளைங்களுக்கு பாத்ரூம் வசதி கெடையாது, எங்கக்கா இதுக்கே பாதி நேரம் பொலம்பிட்டு இருந்தா. ரசம் வெந்நீர் மாதிரி இருந்துச்சு, அத வாங்காதீங்க.

ரெண்டாவது தடவ போனது லீவு முடியறதுக்கு மூணு நாள் முன்னாடி, தடையும் முடிஞ்சிருந்துச்சு. 15ந்தேதி கடலுக்குப் போன விசைப்படகெல்லாம் திரும்பற நேரம், இந்தத் தடவ என்கூட ஸ்கூல்ல படிச்ச பசங்க அஞ்சு பேரு பைக்ல வந்துட்டானுங்க. ஹார்பர்ல கால் வைக்க எடமில்ல, ஏலக் குரலு, ஐஸ் ஒடைக்கற சத்தம், லாரி. தடை முடிஞ்சா வெல சரிஞ்சிடும்னு நெனச்சுட்டுப் போனோம், ஒண்ணும் பெரிசா சரியல, நல்ல எறாலும் கணவாயும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரங்க கைக்குத்தான் மொதல்ல போவுது. எப்புடியோ ரெண்டு கிலோ நண்டும் ஒரு கிலோ கணவாயும் ஒரு பாறை மீனும் தேத்திட்டோம்.

கணவாய அன்னைக்கு அந்தக்கா கெடுத்துட்டாங்க. கூட்டம் ஜாஸ்தி, அடுப்புலயே விட்டுட்டாங்க போல, ரப்பர் மாதிரி ஆயிடுச்சு. கணவாய் சட்டுனு எறக்கணும், இல்லன்னா ரொம்ப நேரம் வேவ விடணும், நடுவுல மாட்டுனா இதான் கதி. கேட்டதுக்கு மறுக்காம கணவாய்க்கு கூலி வேணாம்னுட்டாங்க, அது எனக்கு புடிச்சுது. ஆனா நண்டு! தட்டின மிளகு, பூண்டு, கறிவேப்பில, வேற ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. அஞ்சு பேரும் வாட்சப் குரூப்ல நாள் பூரா கத்தறவனுங்க, ஓடு கடிக்கற சத்தத்தத் தவிர இருவது நிமிசம் ஒருத்தன்கிட்டேர்ந்தும் ஒரு வார்த்த வரல. கடைசில ஒருத்தன் "ஏண்டா, சிங்கப்பூர்ல இதெல்லாம் கெடைக்காதா"ன்னு கேட்டான். கெடைக்கும்டா, தேக்கா மார்க்கெட்ல நல்ல நண்டே கெடைக்கும், ஆனா கோலா நான் பாத்ததில்ல, அப்புடியே கெடைச்சாலும் உன்ன எங்கடா அங்க தேடறதுன்னேன். "டிக்கெட் போடு வரேன்"னுட்டு என் தட்டுல இருந்த நண்டுக் கொடுக்க எடுத்துட்டான்.

போறவங்களுக்கு, காலையில ஆறரைக்குள்ள ஹார்பர்ல இருங்க, மீனு வாங்கி கடையில குடுத்துட்டு வெயில் ஏறதுக்குள்ள வேளாங்கண்ணி போயிட்டு வந்துடலாம், அந்த ஒண்ணேகால் மணி நேரமும் தெரியாது. கார்டு எடுக்க மாட்டாங்க, ஜிபே உண்டு. மூணு மணிக்கு மேல போனா அடுப்ப அணைச்சிட்டு மாமியார் அந்த டேபிள் மேலயே படுத்துத் தூங்கிட்டு இருப்பாங்க, எழுப்பாதீங்க.