மடங்கி இறுகிய முழங்காலுக்கு மூட்டு மாற்று: பாளையங்கோட்டையில் எங்கள் அனுபவம்

முக்கூடலில் 40 ஆண்டுகள் சம்மணமிட்டு, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிய என் அம்மாவின் வலது முழங்கால், படுத்தாலும் நீளாமல் 25 பாகை மடங்கிய நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. பாளையங்கோட்டையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் கடந்த ஆவணியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம்.

அதற்கு முன் பார்த்த வேறோர் இடத்தில் எந்த நிறுவனத்தின் மூட்டைப் பொருத்தலாம் என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. இங்கோ மருத்துவர் அம்மாவைப் படுக்கவைத்து, கோணம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "வலி போனால் மட்டும் போதாது ஆச்சி, அறுவை மேசையிலேயே கால் நேராக வேண்டும், கொஞ்சம் மடங்கி நின்றாலும் நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை ஓய்வில்லாமல் உழைக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

காலை எப்படி நேராக்குவார்கள் என்பதை எக்ஸ்ரே படத்தை வைத்தே விளக்கினார். தொடை எலும்பின் பின்புறம் முளைத்திருக்கும் எலும்பு முட்கள், துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்த கம்பைப் போல, மூட்டின் பின்பக்க உறையை விறைப்பாக்கி வைத்திருக்கும். முதலில் அவற்றை அகற்றி, இருபக்க ஜவ்வுகளின் இறுக்கத்தைச் சமன்செய்து, பிறகும் கால் நீளாவிட்டால் அந்த உறையை எலும்பிலிருந்து விடுவிப்பார்கள். அதுவும் போதாதபோதுதான் தொடை எலும்பின் நுனியில் 2 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக வெட்டுவார்கள். எடுத்த எடுப்பில் எலும்பை அதிகம் வெட்டினால் மூட்டு மடங்கும் இடமே மேலேறி, முழங்கால் சிரட்டையின் ஓட்டமும் மூட்டின் உறுதியும் கெடும் என்பதால்தான் இந்த வரிசை. கடுமையாக மடங்கிய காலை நீட்டும்போது வெளிப்பக்க நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கிவிடக்கூடும் என்ற அபாயத்தையும் மறைக்காமல் சொன்னார். முதுகில் போட்ட ஊசியின் மரப்பு தெளிந்ததும் அவரே வந்து அம்மாவைப் பாதத்தை மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தார்.

செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு 2017இல் விலை உச்சவரம்பு விதித்தது. ரசீதில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டியிருந்தார்கள். அதில் குறை இல்லை.

குறை இருந்தது அறைப் பராமரிப்பில். மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்தவர்கள், அன்றிரவு வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டார்கள். அப்படியே பழகினால் கால் மீண்டும் மடங்கி இறுகும். குதிகாலுக்கு அடியில்தான் துணிச்சுருள் வைத்து, முழங்காலைத் தானாகத் தாழவிட வேண்டும். காலையில் வந்த பிசியோதெரபிஸ்ட் இதைக் கண்டு கடிந்துகொண்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவர் இவ்வளவு கவனமாக நேராக்கிய காலைக் காப்பது எப்படி என்று இரவுப் பணியாளர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

வீட்டில் தினமும் மூன்று வேளை, குதிகாலை உயர்த்தி வைத்துத் தொடைத் தசையை இறுக்கும் பயிற்சியை அம்மா விடாமல் செய்தார். ஆறாவது வாரம் அளந்தபோது மடக்கம் 3 பாகைதான் இருந்தது. 15 பாகை மடங்கியிருக்கும் இடது காலுக்கும் தை மாதம் அதே மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறோம்.