நான்கு வருடம், ஒரே சைக்கிள், நிறையப் பாலங்கள்

நான்கு வருடமாக ஒரே சைக்கிளில்தான் கடலோரப் பயணம் போய்க்கொண்டிருக்கிறேன். ஸ்டீல் பிரேம், 38 மி.மீ. டயர், பின்னால் கேரியர், அதன் இரண்டு பக்கமும் பை. ஜப்பானில் தீவுகளைப் பாலங்களால் கோக்கும் ஷிமானாமி கைடோ பாதை இரண்டு தடவை, அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுக்கூட்டம் ஒரு தடவை, நடுவே சின்னச் சின்னக் கடற்கரைச் சாலைகள் பல. தீவு, பாலம், மறுபடி தீவு என்று போகிற பாதைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஷிமானாமிக்கு முதல் தடவை போகும்போது நானும் மேப்பைத் திறந்து கிலோமீட்டரைத்தான் எண்ணினேன். ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை ஆறு தீவுகள் வழியாகச் சுமார் 70 கி.மீ., கடலோரம் என்பதால் சமதளமாகத்தான் இருக்கும், அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அது தப்புக் கணக்கு. அடியில் கப்பல் போகவேண்டும் என்பதால் பாலங்கள் உயரத்தில் இருக்கின்றன. கடைசியில் வரும் குருஷிமா பாலங்களுக்கும் கடலுக்கும் நடுவே 65 மீட்டர் இடைவெளி. ஆக ஒவ்வொரு தீவிலும் கரையோரமாக ஓட்டிவந்து, பாலத்துக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கொஞ்ச தூரத்திலேயே அடுத்த பாலத்துக்கு ஏறவேண்டும். சைக்கிளுக்கென்றே வளைத்து வளைத்துப் போட்ட ஏற்றுப்பாதை, சரிவும் 3 சதவீதம் அளவில்தான். முதல் ஏற்றம் சுகமாகவே இருக்கும். பையில் 14 கிலோ சுமையோடு ஐந்தாவது தடவை ஏறும்போது தொடை கெஞ்சும்.

திட்டம் போட்ட செயலி இதை எனக்குக் காட்டவே இல்லை. பல செயலிகள் உயர வரைபடத்தைத் தரைமட்டத் தகவலை வைத்துத்தான் வரைகின்றன, அதில் பாலத்தின் தளம் இருக்காது, கீழே கிடக்கும் கடல்தான் இருக்கும். அதனால் பாலம் வருகிற இடத்தில் கோடு பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கும், இல்லையென்றால் கரையில் ஊசி மாதிரி எகிறி நிற்கும். இப்போது ஒவ்வொரு பாலத்தின் உயரத்தையும் தனியாகத் தேடி எடுத்து மொத்த ஏற்றத்தில் நானே கூட்டிக்கொள்கிறேன்.

சரி, ஏற்றத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். நாளைத் தீர்மானிப்பது காற்றுதான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறோம், எதிரே அதே 20 கி.மீ. வேகத்தில் காற்று என்றால் நம்மேல் மோதுவது 40 கி.மீ. காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும், அதனால் அந்த 20-ஐப் பிடித்துவைக்க என்னைப் போன்ற சாதாரண ஆளால் முடியாது, 12, 13-க்கு இறங்கிவிடும். ஃபுளோரிடாவில் இதை நன்றாக அனுபவித்தேன். அங்கே கீ லார்கோவிலிருந்து கீ வெஸ்ட் வரை தீவுகளைச் சாலை கோத்துக்கொண்டே போகிறது. 1912-ல் கீ வெஸ்ட் வரை ரயில் பாதை போட்டு, 1935 சூறாவளியில் அது சிதைந்து, 1938-ல் சாலையாக மாறிய வழி. நான் கீ வெஸ்ட்டில் ஆரம்பித்து வடகிழக்காகப் போனேன். அங்கே பெரும்பாலான நாட்களில் காற்று கிழக்கிலிருந்து வீசும். செவன் மைல் பாலம் கிட்டத்தட்ட 11 கி.மீ. நீளம், காற்று இல்லாவிட்டால் அரை மணி நேர வேலை. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிழல் இல்லை, ஒதுங்க இடம் இல்லை, சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஒரு பட்டைதான் நமக்கு, இடது தோளை உரசுகிற மாதிரி வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அதே பாதையைத் திருப்பிப்போட்டு கீ லார்கோவில் ஆரம்பித்திருந்தால் அந்தக் காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளியிருக்கும். எங்கே தொடங்குவது என்பதை விமான டிக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் நேரம். காலையில் கடல் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி அதன்மேல் இருக்கும் காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று கிளம்பி வரும், பிற்பகலில் அது உச்சத்துக்குப் போகும். அதனால் அன்றைய பெரிய பாலத்தை 10 மணிக்குள் கடப்பது போலத்தான் முந்தின இரவு எங்கே தங்குவது என்று முடிவு செய்கிறேன். பலத்த காற்று அடித்தால் சில பாலங்களை மூடிவிடுவார்கள், ஆகவே ஒரு நாளாவது கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கக்காற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. அதைச் சமாளிக்க நம்மை அறியாமலே காற்று வரும் பக்கம் சாய்ந்து ஓட்டுகிறோம். பாலத்தின் கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அது காற்றை மறைக்கும், சாய்ந்த பக்கமாகவே சைக்கிள் இழுக்கும்; கோபுரத்தைத் தாண்டிய நொடியில் காற்று திரும்ப வந்து அறையும். குருஷிமாவில் மூன்று தொங்குபாலங்கள் அடுத்தடுத்து, சுமார் 4 கி.மீ., கோபுரத்துக்குக் கோபுரம் இதேதான். கோபுரம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து ஹேண்டில்பாரைக் கீழ்ப்பிடியில் பிடித்துக்கொள்வேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பை மாட்டுவதையும் அதன்பிறகு விட்டுவிட்டேன். பாலத்தின் இணைப்புகளில் சீப்புப் பல் மாதிரி இரும்புப் பட்டை இருக்கும், ஈரமானால் வழுக்கும், நேராகத்தான் கடக்கவேண்டும். 38 மி.மீ. டயர் இங்கே தன் வேலையைச் செய்தது. மெல்லிய டயரோடு வந்த நண்பர் இணைப்புக்கு இணைப்பு இறங்கித் தள்ளினார்.

இனி சைக்கிள். பிரேமைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. உப்புதான் எதிரி. முதல் பயணத்தில் ராத்திரி துடைக்காமல் விட்ட செயின் காலையில் செம்பழுப்பாக இருந்தது. இப்போது தினமும் மாலை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் இழுத்துத் துடைத்து, காய்ந்தபிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மேலே வழிந்ததைத் துடைத்துவிடுவது. பத்து நிமிடம்தான். அப்படியும் வருடத்துக்கு ஒரு செயின் மாற்றுகிறேன். பிரேக், கியர் கேபிள்களை ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றியபிறகு தொல்லை இல்லை.

பெரிய அடி சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில்தான். ஸ்டீல் பிரேமுக்குள் அலுமினியக் குழாய், நடுவில் உப்புத் தண்ணீர் கசிந்தால் இரண்டு உலோகமும் மின்கலம் மாதிரி வேலைசெய்து அலுமினியம் அரித்துப் பொருமிவிடும். இரண்டாம் வருடம் பெட்டியில் கட்டுவதற்காக சீட்டை இறக்கப் பார்த்தால் அசையவில்லை. துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் வைத்தும் பலனில்லை. கடைசியில் ஹேக்சா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்து, வெள்ளைப் பொடி உதிர உதிரத் துண்டாக எடுத்தேன். மூன்று மணி நேரம், கட்டைவிரலில் கொப்புளம். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை உருவி, துடைத்து, புதுசாக கிரீஸ் தடவிப் போடுகிறேன். பெடல் திருகுக்கும் அப்படியே. போன மாதம் உருவியபோது கையாலேயே வழுக்கிக்கொண்டு வந்தது.